பெட்டகத்தில் உறங்கும் பர்மா மயில்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளைக் கண்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் வாகனங்களைத் தயாரிக்குமுன் மாதிரி வண்டி செய்து சோதிப்பது அத்தொழிலின் வழக்கம். நாணயச் சாலைகளிலும் அவ்வழக்கம் உண்டு. புதிய அச்சில் சில காசுகளை மட்டும் அடித்து, ஆட்சியாளரின் ஒப்புதலுக்கு வைப்பார்கள். ஒப்புதல் கிடைத்தால் அவ்வடிவம் புழக்கத்துக்கு வரும். இல்லையேல் அச்சில காசுகளோடு நின்றுவிடும். இவையே மாதிரி நாணயங்கள். பர்மா மன்னர் காலத்து மாதிரிகள் மிக அரியவை.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? ரங்கூனில் கடை வைத்திருந்த பாட்டனாரைப் பற்றிப் பேசாத ஊர் நம்மில் குறைவு. 1964இல் கடைகள் அரசுடைமையானபின் வெறுங்கையோடு திரும்பியோர் பலர். அதற்கு முன்னரே ஊர் வந்து சேர்ந்த மயில் காசு ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கக்கூடும்.

மின்டோன் மன்னர் பர்மிங்காம் இயந்திரங்களைத் தருவித்து, 1865இல் மாண்டலேயில் நாணயச் சாலை அமைத்தார். தோகை விரித்த மயில் பொறித்த வெள்ளிக் கியாட், நம் ரூபாயைப் போல் ஏறத்தாழ 11.6 கிராம் எடையுள்ளது. அதிலுள்ள பர்மிய ஆண்டு 1214. அதனுடன் 638ஐக் கூட்டினால் 1852 வரும். அது காசு அடித்த ஆண்டன்று. மன்னரின் ஆட்சித் தொடக்கத்தைக் குறிப்பது. 1885இல் ஆங்கிலேயர் அவர் மகன் தீபா மன்னரைச் சிறைப்பிடித்து, சில மாதங்கள் சென்னையில் வைத்திருந்து, பின்னர் இரத்தினகிரிக்கு அனுப்பினர். அத்துடன் மன்னர் நாணயமும் முடிவுற்றது.

உங்களிடமுள்ளது பெரும்பாலும் புழக்கத்திலிருந்த காசாகவே இருக்கும். "அரிய மாதிரி" என்று ஆசை காட்டுவோரை உடனே நம்பிவிடாதீர்கள், போலிகளும் உலவுகின்றன. உலோகமோ எடையோ வடிவமோ மாறுபட்டிருந்தால் நாணயவியல் அறிந்தவரிடம் காட்டுங்கள். புளியிட்டுத் துலக்காதீர்கள், உருக்கவும் கொடுக்காதீர்கள். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாடு கொண்டுசெல்லத் தனியாருக்கு அனுமதியில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். பாட்டனார் எந்த ஆண்டு கப்பலேறினார், எங்கே கடை வைத்தார் என்று வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி, அந்தக் காசுடன் வையுங்கள். வெள்ளிக்குக் கடைவீதியில் விலையுண்டு. அவர்கள் நினைவிலுள்ளதை நாளை எவரிடம் கேட்பீர்கள்?