ஏவ்பரி பாரிஷின் தொல்லியற் களங்கள்

ஏவ்பரி என்பது இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள வில்ட்ஷயரில் அமைந்த ஒரு நாட்டுப்புறப் பாரிஷ் ஆகும். பாரிஷ் என்னும் சொல் முதலில் ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலிருந்த ஊர்ப்பகுதியைக் குறித்தது. பின்னர் அதுவே இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்பில் மிகச் சிறிய அலகின் பெயராகவும் ஆனது. ஏவ்பரி, ஏவ்பரி ட்ரஸ்லோ, பெக்காம்ப்டன், மேற்கு கென்னட் ஆகிய சிற்றூர்கள் இப்பாரிஷில் அடங்கும்.

பெருங்கற்களால் அமைந்த வட்டங்களுள் உலகிலேயே மிகப் பெரியது இங்கு உள்ளது. ஏவ்பரியும் அதனைச் சூழ்ந்த களங்களும், ஸ்டோன்ஹெஞ்சுடன் சேர்த்து, 1986 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. ஸ்டோன்ஹெஞ்ச் ஆளில்லாச் சமவெளியில் தனித்து நிற்கிறது. ஏவ்பரியிலோ கல்வட்டத்தின் உள்ளேயே ஊரின் ஒரு பகுதி அமைந்துள்ளது. இதனால் கற்கள் அழிந்ததற்கும், எஞ்சியதற்கும் அவ்வூர் மக்களின் வாழ்வே பெரிதும் காரணமாயிற்று.

நில அமைப்பு

இப்பாரிஷ் கென்னட் ஆற்றின் மேற்பகுதிப் பள்ளத்தாக்கில் உள்ளது. இங்குள்ள நிலம் மென்மையான வெண் சுண்ணப்பாறையால் ஆனது. இரும்புக் கருவிகள் இல்லாத காலத்தில் மான் கொம்புகளைக் கொண்டே இதனை அகழ முடிந்தது. புதிதாக வெட்டிக் குவிக்கப்பட்ட கரைகள் தொலைவிலிருந்து பார்க்கும்போது வெண்ணிறமாகத் தோன்றியிருக்கும்.

அருகிலுள்ள மார்ல்பரோ மேட்டுநிலத்தில் சார்சன் எனப்படும் மிகக் கடினமான மணற்கற்கள் நிலத்தின் மேலேயே சிதறிக் கிடக்கின்றன. மேயும் செம்மறி ஆடுகளைப் போலத் தோன்றுவதால் உள்ளூர் மக்கள் இவற்றைச் சாம்பல் நிற ஆடுகள் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். பாறையிலிருந்து வெட்டியெடுக்கத் தேவையில்லாத இக்கற்களே கல்வட்டத்தைக் கட்டப் பயன்பட்டன.

புதிய கற்காலக் களங்கள்

வின்ட்மில் குன்று

ஏவ்பரிக்கு வடமேற்கே உள்ள இக்குன்றில், ஏறத்தாழ கி.மு. 3700 அளவில், ஒன்றினுள் ஒன்றாக மூன்று அகழிகள் வெட்டப்பட்டன. வெளி அகழியின் விட்டம் சுமார் 360 மீட்டர் ஆகும். அகழிகள் தொடர்ச்சியாக வெட்டப்படாமல், இடையிடையே வெட்டாத நிலப்பகுதிகள் வழிகளாக விடப்பட்டுள்ளன. இங்கு விலங்கு எலும்புகளும் மட்பாண்டங்களும் பெருமளவில் கிடைத்தன. எனவே இது நிலையான குடியிருப்பாக அன்றி, சுற்றுப்புற மக்கள் அவ்வப்போது கூடி விருந்துண்ட இடமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

மேற்கு கென்னட் நீள்புதைமேடு

ஏறத்தாழ கி.மு. 3650 அளவில் கட்டப்பட்ட இம்மேடு சுமார் 100 மீட்டர் நீளமுடையது. இதன் கிழக்கு முனையில் சார்சன் கற்களாலான ஐந்து அறைகள் உள்ளன. ஆண், பெண், குழந்தைகள் என முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இங்கு கண்டெடுக்கப்பட்டன. முதற்கட்ட அடக்கங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குள்ளேயே நடந்து முடிந்தன எனக் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு காட்டுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அறைகள் மண்ணால் நிரப்பப்பட்டு, வாயில் பெருங்கற்களால் அடைக்கப்பட்டது.

ஏவ்பரி கல்வட்டம்

வட்ட வடிவமான கரையும் அகழியும் கொண்ட இத்தகைய அமைப்பு ஹெஞ்ச் என அழைக்கப்படுகிறது. ஏவ்பரி ஹெஞ்சின் விட்டம் 400 மீட்டருக்கும் அதிகம். இதன் பரப்பளவு சுமார் 11.5 ஹெக்டேர். கோட்டைகளில் அகழி மதிலுக்கு வெளியே இருப்பது வழக்கம். இங்கு அகழி கரையின் உட்பக்கத்தில் அமைந்துள்ளது. ஆகவே இது பகைவரைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டதன்று என்பது தெளிவு. ஹரோல்ட் செயின்ட் ஜார்ஜ் கிரே 1908 முதல் 1922 வரை பல கட்டங்களாக நடத்திய அகழாய்வு, அகழியின் தொடக்க ஆழம் சுமார் 9 மீட்டர் அல்லது அதற்கும் மேல் எனக் காட்டியது. இன்று அதன் பெரும்பகுதி மண்ணால் தூர்ந்துவிட்டது.

அகழியின் உள்விளிம்பை ஒட்டிச் சுமார் 100 கற்களைக் கொண்ட பெரிய வட்டம் இருந்தது. அதனுள் இரண்டு சிறிய வட்டங்கள் அமைந்திருந்தன. இவை அனைத்தும் ஒரே காலத்தில் கட்டப்படவில்லை. கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டில் பல தலைமுறைகளாகப் பணி தொடர்ந்தது.

கல்வரிசைச் சாலைகள்

ஹெஞ்சின் தென்வாயிலிலிருந்து மேற்கு கென்னட் கல்வரிசைச் சாலை தொடங்குகிறது. இருபுறமும் இணையிணையாகக் கற்கள் நிறுத்தப்பட்ட இச்சாலை, சுமார் 2.5 கிலோமீட்டர் சென்று, ஓவர்ட்டன் குன்றிலிருந்த சாங்ச்சுவரி என்னும் மரத்தூண், கல் வட்டங்களை அடைந்தது. மேற்கே பெக்காம்ப்டன் நோக்கிச் சென்ற மற்றொரு சாலையை 18 ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டக்லி குறித்து வைத்திருந்தார். அவருடைய கூற்றைப் பலர் நெடுங்காலம் நம்பவில்லை. 1999 ஆம் ஆண்டு அகழாய்வில் புதைந்த கற்களும் கல் நின்ற குழிகளும் வெளிப்பட்டதால் அது உறுதியானது.

சில்பரி குன்று

ஏறத்தாழ கி.மு. 2400 அளவில் மனிதர்களால் குவிக்கப்பட்ட சில்பரி குன்று சுமார் 30 மீட்டர் உயரமும் 160 மீட்டர் அடிவிட்டமும் கொண்டது. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த செயற்கைக் குன்றுகளுள் ஐரோப்பாவில் இதுவே மிகப் பெரியது. உள்ளே ஓர் அரசனின் கல்லறை இருக்கும் என்ற நம்பிக்கையில் 1776 ஆம் ஆண்டில் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குழியும், 1849 ஆம் ஆண்டில் பக்கவாட்டில் சுரங்கமும் தோண்டப்பட்டன. 1968 முதல் 1970 வரை ரிச்சர்ட் அட்கின்சன் மீண்டும் சுரங்கமிட்டு ஆய்ந்தார். எந்த அடக்கமும் கிடைக்கவில்லை. சரியாக நிரப்பப்படாத இத்துளைகளின் விளைவாக 2000 ஆம் ஆண்டில் உச்சியில் பெரும் பள்ளம் விழுந்தது. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் உள்வெற்றிடங்கள் சுண்ணப்பாறைத் துகள்களால் நிரப்பப்பட்டுக் குன்று உறுதிப்படுத்தப்பட்டது.

உரோமர் காலம்

உரோமர் அமைத்த நேரான சாலையொன்று சில்பரி குன்றின் அருகே மட்டும் சற்று விலகிச் செல்கிறது. குன்று உரோமர் காலத்துக்கு முந்தியது என்பதற்கு இவ்விலகலே பழைய சான்றுகளுள் ஒன்றாக இருந்தது. குன்றின் அடிவாரத்தில் உரோமர் காலக் குடியிருப்பொன்று இருந்தது 2007 ஆம் ஆண்டில் தெரியவந்தது.

இடைக்காலம்: புதைக்கப்பட்ட கற்கள்

ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் ஹெஞ்சுக்கு மேற்கே ஊர் உருவாகி, பின்னர் வட்டத்தின் உள்ளேயும் பரவியது. புனித ஜேம்ஸ் தேவாலயம் கரைக்கு வெளியே உள்ளது. அதன் சில பகுதிகள் ஏறத்தாழ கி.பி. 1000 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

14 ஆம் நூற்றாண்டளவில் ஊர் மக்கள் பல கற்களைச் சாய்த்துக் குழிகளில் புதைத்தனர். கிறித்தவத்துக்கு முற்பட்ட வழிபாட்டின் மீதான அச்சமோ, உழுவதற்கு நிலம் தேவைப்பட்டதோ இதற்குக் காரணமாக இருக்கலாம். 1938 ஆம் ஆண்டில் ஒரு கல்லின் அடியில் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. அதனுடன் கத்தரிக்கோலும், அறுவைக் கருவியும், 14 ஆம் நூற்றாண்டின் தொடக்க கால நாணயங்களும் இருந்தன. இவற்றைக் கொண்டு அவர் நாவிதராகவும் அறுவை மருத்துவராகவும் இருந்தவர் எனக் கூறப்பட்டது. கல் சாய்ந்து நசுங்கி இறந்தார் என்றே முதலில் நம்பப்பட்டது. பின்னர் நடந்த மறு ஆய்வு இதனை ஐயத்துக்குள்ளாக்கியது.

கற்கள் உடைக்கப்படுதல்

17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18 ஆம் நூற்றாண்டிலும் கற்கள் கட்டடப் பொருளாகக் கருதப்பட்டன. கல்லைச் சுற்றி வைக்கோல் இட்டு எரித்து, சூடேறிய பின் குளிர்ந்த நீரை ஊற்றி, சம்மட்டியால் அடித்து உடைத்தனர். ஊரின் வீடுகளும் சுவர்களும் பல இக்கல்துண்டுகளால் ஆனவை.

புதைத்தவர்களின் நோக்கம் கற்களை மறைப்பதாக இருந்தாலும், அச்செயலே அவற்றைக் காத்தது. புதைந்த கற்களைப் பிற்காலத்தில் மீண்டும் நிறுத்த முடிந்தது. உடைக்கப்பட்டவை இருந்த இடத்தில் கரிபடிந்த குழிகளே மிஞ்சின.

பதிவும் மீட்பும்

ஜான் ஆப்ரி 1649 ஆம் ஆண்டில் வேட்டைக்குச் சென்றபோது இவ்வட்டத்தைக் கண்டு அதன் சிறப்பை உணர்ந்தார். 1663 ஆம் ஆண்டில் மன்னர் இரண்டாம் சார்லசை இங்கு அழைத்து வந்தார். வில்லியம் ஸ்டக்லி 1719 முதல் 1724 வரை இங்கு வந்து, கற்கள் உடைக்கப்படுவதை நேரில் கண்டு வரைபடங்களாகப் பதிந்தார். 1743 ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூல், இக்களத்தைத் துரூயிடு குருமாரின் கோவில் எனக் கூறியது. இன்று இக்கருத்து ஏற்கப்படுவதில்லை. எனினும், அழிந்துபோன பல கற்களின் இருப்பிடத்தை அறிய அவருடைய படங்களே ஆதாரமாக உள்ளன.

1870களின் தொடக்கத்தில் வட்டத்தினுள் வீடுகள் கட்ட நிலம் விற்கப்பட்டபோது, ஜான் லபக் அந்நிலத்தை வாங்கி அதனைத் தடுத்தார். 1882 ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற உழைத்தவரும் இவரே. 1900 ஆம் ஆண்டில் அவர் ஏவ்பரிப் பிரபு என்னும் பட்டம் பெற்றார்.

மார்மலேட் வணிகத்தால் செல்வம் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கீலர் 1925 முதல் 1929 வரை வின்ட்மில் குன்றிலும், 1934 முதல் 1939 வரை கல்வரிசைச் சாலையிலும் வட்டத்திலும் அகழாய்வு செய்தார். புதைந்திருந்த கற்களை மீண்டும் நிறுத்தினார். உடைந்துபோனவற்றின் இடத்தில் காங்கிரீட் தூண்களை நட்டார். இதற்காக வட்டத்தினுள் இருந்த சில வீடுகளும் கட்டடங்களும் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் பலர் ஏவ்பரி ட்ரஸ்லோவுக்கு இடம்பெயர நேர்ந்தது. எனவே இன்று காணப்படும் தோற்றம் முழுவதும் பழமையானதன்று. அதன் ஒரு பகுதி 20 ஆம் நூற்றாண்டில் மீட்டமைக்கப்பட்டதாகும்.

இன்றைய நிலை

கீலர் தம் வசமிருந்த நிலங்களை 1943 ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விற்றார். இன்றும் ஒரு நெடுஞ்சாலை ஹெஞ்சின் ஊடே செல்கிறது. வட்டத்தினுள் வீடுகளும் ஒரு மதுவகமும் உள்ளன. பார்வையாளர்கள் கற்களைத் தொட்டுப் பார்க்கலாம். சில்பரி குன்றின் மீது ஏறுவது மட்டும் அதன் பாதுகாப்புக் கருதித் தடைசெய்யப்பட்டுள்ளது. பார்வையாளரின் நடமாட்டத்தால் கரைகள் தேய்வதும், சுற்றியுள்ள வயல்களில் உழுவதால் மண்ணுக்கடியில் உள்ள சான்றுகள் சிதைவதும் முக்கியச் சிக்கல்களாகும்.

தோண்டாமலே ஆராயும் முறைகள் இப்போது பெரிதும் பயன்படுகின்றன. 2003 ஆம் ஆண்டில் நடந்த நிலவியற்பியல் ஆய்வில் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் குறைந்தது 15 கற்கள் இன்னும் புதைந்திருப்பது தெரியவந்தது. 2017 ஆம் ஆண்டில் தென் உள்வட்டத்தினுள் சதுர வடிவில் கற்கள் நின்றிருந்ததற்கான தடயங்கள் கண்டறியப்பட்டன.