நூலகத்துக்கும் கணக்குக் கேட்போம்

வணிகப் பெருமக்களே! வில்லியனூர், பாகூர் பக்கம் நூலகச் செலவில் கைவைத்தால் நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நம் பிள்ளைகள் காசில்லாமல் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கும் இடம் அது.

பக்கத்துத் தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் உண்டு. இப்போது ரூபாய்க்கு 10 காசு. வசூலித்ததையே சில உள்ளாட்சிகள் நூலகத்துக்குக் கட்டாமல் பாக்கி வைக்கின்றன. (கடன் வாங்கிவிட்டுக் கடைப்பக்கம் தலைகாட்டாதவரை நாமறிவோம்!)

2011 நவம்பரில் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. வாசகர்கள் கண்டித்தனர், வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் இன்றும் கோட்டூர்புரத்திலேயே இயங்குகிறது.

நம் ஊர் நூலகங்கள் கலை பண்பாட்டுத் துறையின் பொறுப்பு. புத்தகத்துக்கு எவ்வளவு, பத்திரிகைக்கு எவ்வளவு, காலிப் பணியிடம் எத்தனை என்று கேட்டு, பட்ஜெட்டுக்கு முன்பே சட்டமன்ற உறுப்பினரிடம் சங்க முத்திரையுடன் மனுக் கொடுப்போம். கையெழுத்துத் தாள் கடைக்கு வரும். கல்லாவில் கூட்டம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.