எந்தக் குரோதி?

திண்டுக்கல்லில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக்காரர் ஒருவர் பூட்டன் காலத்து அடமானச் சீட்டு ஒன்றை என் மேசையில் விரித்தார். மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது. தலைப்பில் 'குரோதி௵ ஆடி௴ 12௳'. இங்கிலீஷ் தேதி கிடையாது.

"எந்த வருஷம்ணே?"

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 1904, 1964, 2024 மூன்றும் குரோதிதான். வட்டி அணாவில் இருந்ததால் 1904 என்று பிடித்தேன்.

நாள்தான் படுத்தியது. சூரியன் கடகத்தில் நுழைவது அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே ஆடி ஒன்று, பின்னால் என்றால் மறுநாள். இது நம் ஊர் வழக்கம். மலையாளத்தில் கணக்கு வேறு. போதாததற்கு, இங்கிலீஷ் தேதியை வைத்துப் பார்த்தால் மாதப் பிறப்பே அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் மேகநாத் சாஹா குழு ஒரு தேசிய நாள்காட்டி கொடுத்தது. 1957 மார்ச் 22இல் சக வருஷம் 1879 என்று நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அச்சாகிறது. என்னிடம் யாரும் அதில் பத்திரம் கேட்டதில்லை.

சீட்டில் கிழமை இருந்தால் ஒரு நாள்கூடப் பிசகாமல் சொல்லியிருப்பேன். எழுதிய புண்ணியவான் அதை விட்டுவிட்டார்.