17 கோல்களும் வராத ஓர் அணியும்

2025 நவம்பர் 29 அன்று மதுரையின் புதிய ஹாக்கி மைதானத்தில் இந்திய ஜூனியர் அணி ஓமனை 17-0 என்று வென்றது. ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டம். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போய் ஒரு உலகக் கோப்பையைப் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்பலாம் என்பதை ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டோம். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பிரிவில் ஓமனுக்கு இடம் கிடைத்ததே பாகிஸ்தான் விலகியதால்தான். அக்டோபரில் அவர்கள் வரவில்லை என்றார்கள். நல்ல ஆட்டம் ஒன்றை எதிர்பார்த்திருந்த நாங்கள் பதினேழு கோலை எண்ணிக்கொண்டிருந்தோம். ஓமன் கோல்கீப்பரும் கல்லூரி வயதுப் பையன்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜூனியர் ஹாக்கி என்றால் 21 வயதுக்குட்பட்டவர்கள். அதாவது கல்லூரிப் பையன்கள். இரண்டு நாட்டு அரசுகளின் சண்டை முதலில் வந்து விழுவது இந்த வயதுக்காரர்கள் தலையில்தான் என்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நான் கல்லூரி ஆட்டங்களின் ரசிகன். ஐ.பி.எல். பார்ப்பேன், உலகக் கோப்பை பார்ப்பேன். ஆனால் மனசு கிடப்பது இன்டர் காலேஜ் கபடியிலும் வாலிபாலிலும்தான். கட்டணம் கிடையாது, நாற்காலி கிடையாது. கோர்ட்டை ஒட்டி நின்றால் ரெய்டு போகிறவன் மூச்சு நம் காதில் விழும்.

பழனியில் என் அணி அருள்மிகு பழனியாண்டவர் கலை பண்பாட்டுக் கல்லூரி. 1960-ல் தேவஸ்தானம் தொடங்கியது. பத்து வருடம் கழித்துப் பெண்களுக்கும் ஒரு கல்லூரி வந்தது. கோயில் பணத்தில் கல்லூரி நடத்தலாமா என்று 2025-ல் மாநில அரசியலில் பெரிய வாக்குவாதம் எழுந்தபோது எங்கள் ஊரில் பலருக்கு மனம் கொதித்தது. மொட்டையடித்து, காவடி எடுத்து, உண்டியலில் போட்ட காசில் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று வாத்தியார்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். அந்தக் கல்லூரி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரு பையன் களத்தில் இறங்கும்போது, முருகனுக்குச் செலுத்திய காணிக்கையில் ஒரு பங்கு அவன் தோளில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்லூரி அணி ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒருவன் வந்திருப்பான், அப்பா பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். கீழ்மலையிலிருந்து ஒருவன், தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்துக் கூலி வீட்டுப் பிள்ளை. ஆயக்குடிக் கொய்யாத்தோப்புக்காரர் மகன் ஒருவன். ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் மகன் ஒருவன். ஊரில் இவர்கள் ஒரே தெருவில் குடியிருக்க மாட்டார்கள். சில ஊர்களில் ஒரே கோயில் திருவிழாவில் ஒன்றாக நிற்கவும் மாட்டார்கள். கபடி கோர்ட்டில் ஏழு பேரும் கைகோத்துச் சங்கிலி போட்டு நிற்கிறார்கள். அந்தச் சங்கிலி அறுந்தால் பாயிண்ட் போய்விடும். கல்லூரி அணி என்பது பிறப்பால் வந்து சேராத கூட்டம். அட்மிஷன் போட்டுச் சேர்ந்த கூட்டம். அதனால்தான் அதன் மேல் எனக்கு இத்தனை பிடிப்பு.

இந்த நாட்டில் எல்லா அணியும் இப்படிச் சேர்ந்ததில்லை. பம்பாயில் 1912 முதல் பெரிய கிரிக்கெட் போட்டி என்றால் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என நான்கு அணிகள். 1937-ல் 'மற்றவர்கள்' என்று ஐந்தாவது அணியும் வந்தது. மதம்தான் ஜெர்சி. அந்த இந்து அணிக்கே பந்து வீசிய பல்வங்கர் பாலு, 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர். தலித் என்பதால் கடைசி வரை அவருக்குக் கேப்டன் பதவி தரவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் அது கிடைத்தது. 1940 டிசம்பரில் காந்தி இந்த மதவாரி ஆட்டத்தை எதிர்த்துப் பேசினார். 1946-ல் போட்டி நின்றது. அதற்கு முன்பே, 1935-ல், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான ரோஹின்டன் பாரியா கோப்பை தொடங்கியிருந்தது. ஒரே காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பிறப்பு வழி, மற்றொன்று படிப்பு வழி. என் கட்சி எது என்று சொல்லத் தேவையில்லை.

தெற்கே அந்தப் படிப்பு வழி ஆட்டத்துக்கு எங்கள் மலையோடும் உறவு உண்டு. 1845 முதல் கொடைக்கானலில் கோடையைக் கழிக்க வந்த அமெரிக்க மதுரை மிஷன்தான் 1881-ல் அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கியது. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் 1895-ல் ஜேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அதே சபைதான் 1925-ல் சென்னையில் லயோலாவைத் திறந்தது. லயோலாவின் பெர்ட்ரம் நினைவுப் போட்டியில் ஆடிவிட்டு வந்தேன் என்று ஒரு பையன் சொன்னால் எங்கள் ஊரில் அவனுக்குத் தனி மரியாதை. வாலிபாலையும் கூடைப்பந்தையும் ஊர் ஊராகப் பரப்பிய ஒய்.எம்.சி.ஏ.வின் ஹாரி க்ரோ பக், 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். இன்று நம் பள்ளிகளில் இருக்கும் பி.டி. மாஸ்டர்களின் வம்சாவளி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அரசியலே மைதானத்துக்குள் வரக்கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். 2013 மார்ச் 8 அன்று லயோலா மாணவர்கள் எட்டுப் பேர் ஈழத் தமிழருக்காக உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சில நாளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. அரசு கல்லூரிகளை மூடியது, எங்கள் பக்கமும் வகுப்பும் ஆட்டமும் நின்றன. மார்ச் 19-ல் தி.மு.க. மத்தியக் கூட்டணியைவிட்டு விலகியது. அந்தப் பிள்ளைகள் செய்தது சரி. இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் தமுக்கத்திலும் உட்கார்ந்ததும் சரி. அதுவும் ஒரு விளையாட்டுக்காகத்தான்.

ஆனால் 2012 செப்டம்பரில் நடந்தது வேறு. கொழும்பு ராயல் கல்லூரியின் கால்பந்து அணி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஒரு நட்பு ஆட்டம் ஆடியிருந்தது. பேர் கல்லூரி என்றாலும் அது பள்ளிக்கூடம், ஆடியவர்கள் சிறுவர்கள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா மைதானத்தைக் கொடுத்த அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்தார், பையன்களைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார். ராயல் கல்லூரியில் தமிழ் வழியிலும் பாடம் நடக்கிறது. அதே நாட்களில் வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் வந்த இலங்கை யாத்திரிகர்களின் பஸ்களும் தாக்கப்பட்டன. அடுத்த வருடம் சென்னையில் நடக்க இருந்த ஆசியத் தடகளப் போட்டியும் இலங்கை வீரர்கள் வருவார்கள் என்பதால் கைவிடப்பட்டு புனேவுக்குப் போனது. நம் பிள்ளைகள் தங்கள் மண்ணிலேயே ஆசியாவின் வேகமான ஓட்டக்காரர்களைப் பார்த்திருக்க வேண்டிய வாய்ப்பு அது.

முள்ளிவாய்க்காலுக்காக அழுதவன் நானும். ராஜபக்ச அரசோடு நமக்குத் தீராத கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை டெல்லியிடமும் ஜெனீவாவிலும்தான் கேட்க வேண்டும். பந்தோடு வந்த பள்ளிப் பையனிடம் கேட்கக் கூடாது. லயோலா மாணவர்கள் ஓர் அரசை எதிர்த்து நின்றார்கள். நம் அரசோ விருந்தாளிகளை வெளியே தள்ளியது. இரண்டையும் ஒரே உணர்ச்சி என்று சேர்த்துப் பேசுகிறவர்களோடு மைதானத்து ஓரத்தில் எனக்கு எப்போதும் சண்டைதான். "அண்ணே, நீங்க யார் பக்கம்?" என்று ஒரு தம்பி கேட்டான். "ஆடுறவன் பக்கம் தம்பி" என்றேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கு வேறு பதில் இல்லை.

1999 ஜனவரி 31-ஐ நினைத்துப் பார்க்கிறேன். சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 அடித்து அவுட்டானதும் ஆட்டம் கைமாறியது, பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். வயிறு எரிந்தது. ஆனாலும் கூட்டம் எழுந்து நின்று வாசிம் அக்ரம் அணிக்குக் கை தட்டியது, அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். அந்தக் கைதட்டலால் யாருடைய தேசபக்தியும் குறையவில்லை. அதே வருடம் கார்கில் வந்தபோது அந்தச் சென்னைதான் வீரர்களுக்காக வாரி வழங்கியது.

2025 செப்டம்பர் 14 அன்று துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களுடன் கை குலுக்கவில்லை. ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைக் கொன்ற காயம் ஆறாத நேரம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அப்படியானால் ஆடாமல் இருந்திருக்கலாம். ஆடினால் ஆட்டத்துக்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். ஒளிபரப்புப் பணத்துக்காக ஆட்டம் வேண்டும், ஓட்டுக்காகக் கைகுலுக்கல் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே மாதம் கழித்து மலேசியாவில் சுல்தான் ஆஃப் ஜோகூர் கோப்பையில் இரு நாட்டு ஜூனியர் ஹாக்கிப் பையன்களும் ஆட்டத்துக்கு முன்னால் கையோடு கை தட்டிக்கொண்டார்கள். ஆட்டம் 3-3. மதுரையில் நாங்கள் எதிர்பார்த்தது அந்தப் பையன்களைத்தான்.

இன்னொரு விஷயம், பெண்கள் அணி. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-ல் வந்தது. பழனிப் பெண்கள் கல்லூரி அதோடுதான் இணைந்திருக்கிறது. அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் மலைப்பாதையில் விடிகாலையில் வேன் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு போய், குளிரில் கை விறைக்க வாலிபால் ஆடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருத்தி பின்னாலும் வீட்டில் ஒரு போராட்டம் நடந்திருக்கும். 2023-ல் வினேஷ் போகத்தும் சாக்ஷி மாலிக்கும் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அப்போதைய மல்யுத்தச் சம்மேளனத் தலைவரும் பா.ஜ.க. எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது அவர்கள் பாலியல் தொல்லைப் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். நீதிமன்றம் தீர்ப்பு சொல்லட்டும். ஆனால் புதிய நாடாளுமன்றம் திறந்த மே 28 அன்று நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்த பெண்களைப் போலீஸ் தரையில் இழுத்துப்போன படம் எங்கள் ஊர் டீக்கடை டி.வி.யிலும் ஓடியது. மகளை மேட்சுக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அப்பன்மார் அதைப் பார்த்தார்கள். ஒரு தலைமுறைப் பெண்கள் அணிக்கு அந்தப் படம் செய்த கெடுதலை எந்தத் திட்டமும் சுலபத்தில் சரிக்கட்டாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டு வாரியம், தனித் தீர்ப்பாயம், நிர்வாகக் குழுக்களில் வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம். இவற்றை வரவேற்கிறேன். ஆனால் நிர்வாகிகளுக்கு 70 என்றிருந்த வயது வரம்பை 75 வரை தளர்த்த அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. கட்சிக்காரர்கள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க அதில் ஒன்றும் இல்லை. என் கட்சியும் இதில் விலக்கல்ல, எல்லாக் கட்சியும் ஒன்றுதான்.

நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் ரஞ்சி ஆட்டமே நடக்கிறது. 2019 டிசம்பரில் கர்நாடகத்தின் கௌதம் இரண்டாவது இன்னிங்ஸில் 60 ரன்னுக்கு 8 விக்கெட் சாய்த்து, தமிழ்நாட்டை 26 ரன்னில் தோற்கடித்தது அங்கேதான். மதுரையில் ஹாக்கி டர்ஃப் வந்துவிட்டது. இடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும், அதோடு கொழும்பு, பேராதனை அணிகளையும் முறைப்படி அழைத்து, திண்டுக்கல், மதுரைக் கல்லூரிகளோடு ஆட வையுங்கள். சிங்களப் பையனும் தமிழ்ப் பையனும் ஒரே ஜெர்சியில் வந்தால் அப்படியே வரட்டும், பிரித்துப் பார்க்க வேண்டாம். பழனிக்கு ஒரு நாள் அனுப்பினால் தங்க வைக்கவும் சோறு போடவும் மலைக்கு அழைத்துப் போகவும் இங்கே ஆள் இருக்கிறோம். எங்கள் பையன்களைத் தோற்கடித்துவிட்டுப் போனாலும் சரி, எழுந்து நின்று கை தட்டுவோம்.