மலை ஏறுகிறவர்களுக்கு வாரம் ஒரு ஊசி

ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. அதனால் காய் எடுக்கும் பெண் நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் சரிவில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இப்படி உழைக்கிற உடம்பிலும் சர்க்கரை இருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது 2023-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு. இந்திய அளவில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். மூன்று வேளையும் அரிசி, அலமாரியில் மாத்திரை டப்பா என்று, ஏலத் தோட்டங்களுக்கு ஆள் போகும் போடிநாயக்கனூரிலும் தேவாரத்திலும் பல வீடுகள் பழகிவிட்டன.

இந்த வீடுகளுக்குள்தான் அடுத்து வரப்போகிறது, வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் டிர்செபடைடு ஊசி. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இரண்டு ஹார்மோன்களின் வேலையையும் இந்த ஒரு மருந்தே செய்கிறது. பசி அடங்குகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, தேவைப்படும்போது இன்சுலின் கூடுகிறது. 2022-ல் வெளியான ஆய்வில், நீரிழிவு இல்லாத, எடை கூடிய 2,539 பேரில் 15 மில்லிகிராம் போட்டவர்களுக்கு 72 வாரத்தில் சராசரியாக 20.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 3.1 சதவீதம்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கு இறக்கம் இவ்வளவு இல்லை. ஏறத்தாழ 15 சதவீதம்.

மருந்து நல்ல மருந்து. மாரடைப்பையும் சிறுநீரகப் பாதிப்பையும் நெருங்கிக்கொண்டிருப்பவர்களைப் பக்கவிளைவுகளைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது என்கிற மருத்துவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆய்வுகளில் யாரும் விடியுமுன் ஜீப் ஏறவில்லை.

போடியிலிருந்து கிளம்பும் ஜீப், போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் ஆட்களை இறக்குகிறது. இந்த ஊசியின் முதல் தொந்தரவே குமட்டலும் வாந்தியும்தான். தொடக்க வாரங்களிலும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் அது தலைதூக்கும். நெருக்கியடித்து உட்கார்ந்து வளைவில் சுற்றும் ஜீப்பில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாந்தியில் நீர் வற்றிய உடம்போடு அதன்பிறகு அன்றைய வேலையும் முழுசாகக் காத்திருக்கிறது.

என்னை உறுத்துவது இதைவிடப் பெரிய விஷயம்: தாழ் சர்க்கரை. டிர்செபடைடு தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயமாக இறக்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோடோ இன்சுலினோடோ சேரும்போது அந்த ஆபத்து கூடிவிடும். நம் ஊர்களில் பல ஆண்டுகளாகப் புழங்குகிற சர்க்கரை மாத்திரைகளில் இவையும் அடக்கம். ஊசி ஆரம்பிக்கும்போது இவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். இப்போது மலைக்குப் போகிறவரின் காலையை நினைத்துப் பாருங்கள். மாத்திரையை வீட்டில் விழுங்கிவிடுகிறார். சாப்பாடு தூக்குவாளியில் மலைக்குப் போகிறது. ஊசியால் பசியும் எடுக்காது. பசிக்காதவர் வாளியைத் திறக்காமலே வேலையில் இறங்குவார். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருண்டு உட்காரும் இடம் சாலையிலிருந்து எத்தனையோ தூரம் உள்ளே இருக்கும் சரிவு.

அதிலும் செடிக்கு மருந்தடிக்கிற ஆண்களுக்கு இன்னொரு சிக்கல். பூச்சிமருந்து ஏறினாலும் வேர்க்கும், வாந்தி வரும், தலை சுற்றும். பக்கத்தில் நிற்பவர் எது என்று நினைப்பார்? தடுமாறுகிறவர் ஊசி போட்டிருப்பது உடன் வேலை செய்பவருக்குத் தெரியாவிட்டால், ஒரு கை சர்க்கரையில் சரியாகியிருக்க வேண்டியது ஆபத்தாக முடியும். உடம்பைக் குறைக்க ஊசி போடுவதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய. அந்தக் கூச்சம் எனக்குப் பயமாக இருக்கிறது.

பணக் கணக்கு வேறு. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். நான்கு வாரத்துக்கு 14,000. அடுத்த படியான 5 மில்லிகிராமுக்கு 17,500. காய் எடுப்புக் காலத்தில் கையில் காசு இருக்கும்போது போட்டு, வேலையில்லாத மாதங்களில் நிறுத்திவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் அந்தக் காசு வீண். 36 வாரம் போட்டுவிட்டு நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஓராண்டில் எடை சராசரியாக 14 சதவீதம் திரும்ப ஏறியதாக ஓர் ஆய்வு காட்டியது. குறையும் எடையில் கொழுப்போடு கொஞ்சம் தசையும் போகிறது. தசைதான் இந்த மலையில் கூலி.

இதே வகையில், ஒற்றை ஹார்மோன் வழியில் வேலை செய்யும் செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். பலர் தயாரிக்கும்போது விலை இறங்கும், இறங்குவது நல்லதுதான். விலை இறங்கிய மருந்து சீட்டு இல்லாமல் கவுண்டரில் கைமாறுவதுதான் கெடுதல். குளிர்ப்பெட்டிக் கவலையும் உண்டு. டிர்செபடைடு குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் 30 டிகிரிக்குள், 21 நாள்தான் தாங்கும். சித்திரை வெயிலில் போடி வீட்டுக்குள் 30 டிகிரி நிற்குமா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதே வாசலில் இந்த ஊசியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: போடுகிறீர்களா, கூட எந்த மாத்திரை, காலையில் எத்தனை மணிக்குச் சாப்பாடு?

மலைக்குப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். மருத்துவரிடம் மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஜீப் ஏறும் நேரத்தையும் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா என்பதை மறைக்காதீர்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். ஊசி தொடங்கியபின்னும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டியபின்னும் நான்கு வாரத்துக்கு அந்த மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. தூக்குவாளியோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலம் எடுத்துப் போங்கள், பக்கத்து வரிசையில் காய் எடுப்பவரிடம் அது எதற்கு என்று சொல்லி வையுங்கள்.