நீரைத் துண்டு போடும் கலை

ஜப்பானில் ஜூன் மாத மழை ஓய்ந்ததும் புழுக்கமான கோடை தொடங்கிவிடும். அந்த நாட்களில் அங்குள்ள பாரம்பரிய இனிப்புக் கடைகளில் கருஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்போடு, செங்கல் வடிவில் ஒரு பண்டம் வைத்திருப்பார்கள். அதுதான் மிஸு யோகன். கத்தி வைத்தால் விளிம்பு சிதையாமல் துண்டாகும். வாயில் போட்டால் மெல்லவே வேண்டாம். நாக்கு மேலண்ணத்தில் பட்டதும் உடைந்து, பயறின் மணத்தையும் குளிர்ச்சியையும் விட்டுவிட்டுப் போகும். இதில் பால், நெய், முட்டை எதுவும் இல்லை. சிவப்புப் பயறு, சர்க்கரை, கடல்பாசி, மீதியெல்லாம் தண்ணீர்.

இதற்கு நெரி யோகன் என்று ஓர் அண்ணன் உண்டு. சர்க்கரையும் பாசியும் தூக்கலாகச் சேர்த்துக் கெட்டியாகக் கிளறுவது. நன்றாகக் கட்டி வைத்தால் ஒரு வருடம்கூட இருக்கும். மிஸு யோகனில் இரண்டையும் குறைத்து நீரைக் கூட்டுகிறார்கள். பக்குவம் பிசகினால் மறைக்க எதுவும் இல்லாததால், இரண்டில் இதுவே கடினமான வேலை என்பேன்.

நீரைக் கட்டி நிறுத்துவது கன்டென் என்னும் அகார். ரமலான் மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றும் கடல்பாசியும், கடைகளில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டு வாங்குவதும் இதே அகார்தான். ஜப்பானியர் தெங்குசா என்னும் செம்பாசியிலிருந்து எடுக்கிறார்கள். மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகாருக்கே போகிறது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில், கியோட்டோவை ஒட்டிய ஃபுஷிமியில் சத்திரம் நடத்திய மினோ தரோசாயெமோன், விருந்தில் மிஞ்சிய பாசிக் கூழை வெளியே போட்டாராம். குளிர்கால இரவுகளில் அது உறைந்தது, பகலில் உருகி நீர் வடிந்தது. சில நாளில் உலர்ந்த சக்கையானது. அதை மறுபடி காய்ச்சியபோது, கடல் வாடை இல்லாத தெளிந்த கூழ் கிடைத்தது. வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. முறை மட்டும் மாறவில்லை: நாகானோ மாகாணத்தின் சினோ ஊரில் இன்றும் குளிர்காலத்தில் கன்டென் கட்டைகளைத் திறந்தவெளியில் பரப்பி உறையவிட்டு உலர்த்துகிறார்கள்.

அகாரின் நீண்ட மூலக்கூறுகள் சூட்டில் தனித்தனியாக மிதக்கும். ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு வலையாகப் பின்னி, நீரை உள்ளே பிடித்துவைக்கும். 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் இறுகும். இறுகியதை உருக்க 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த இடைவெளிதான் இதன் பலம். கோடை வெயிலில் ஜெலட்டின் இளகிவிடும், இது இளகாது. 1881இல் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேக்கு, பாக்டீரியா வளர்க்க ஜெலட்டினுக்குப் பதில் அகாரைச் சொல்லிக்கொடுத்தவர் அவர் மனைவி ஃபேனி. சமையலறையில் பழகிய பொருள் அது. உலகின் ஆய்வகங்கள் இன்றும் அதையே பயன்படுத்துகின்றன.

அடுத்தது பயறு. அஸுகி என்னும் இந்தச் சிவப்புப் பயறு நம் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் சொந்தக்காரன்; கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி ஓரளவு கைகொடுக்கும். முதல் கொதி நீரைக் கொட்டிவிட்டால் துவர்ப்பு போகும். பிறகு விரலில் நசுங்கும் அளவுக்கு வேகவைத்துச் சல்லடையில் தேய்க்க வேண்டும். தோல் மேலே தங்கும். மாவு நீரோடு இறங்கிப் பாத்திரத்தின் அடியில் படியும். மேல்நீர் தெளியும்வரை நீர் மாற்றி, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். விரலிடையில் தேய்த்தால் மிக நுண்ணிய மணல்மணலாகப் படும். ஒவ்வொரு துகளும் உடையாத ஒரு பயற்றுச் செல். மாவுச்சத்து அதற்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. மிக்ஸியில் அரைத்தால் செல்கள் உடைந்து பசையாகிவிடும், தயவுசெய்து அந்தக் குறுக்குவழி வேண்டாம். பிழிந்த மாவைச் சர்க்கரையோடு கிளறினால் கோஷியான் தயார்.

600 மில்லி தண்ணீரில் 4 கிராம் அகார் தூளைக் கலந்து, கொதி வந்தபின் இரண்டு நிமிடம் கிளறுங்கள். இழையாக இருந்தால் 8 கிராம் எடுத்து, முன்பே ஊறவைக்க வேண்டும். பாசி முழுக்கக் கரைந்தபின்தான் இனிப்பு சேர வேண்டும். முந்திக்கொண்டால் சர்க்கரை நீரைப் பிடித்துக்கொள்ளும், பாசி கரையாது. 400 கிராம் கோஷியானும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள்.

இங்கேதான் கைப்பக்குவம். சூட்டோடு அச்சில் ஊற்றினால் பயற்றுத் துகள்கள் அடியில் படிந்து, மேலே வெறும் பாசி நிற்கும். பாத்திரத்தைக் குளிர்நீரில் வைத்து, அடியைத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டியில் லேசாகக் கனம் தெரியும், சூடு 45 டிகிரி அளவில் இருக்கும். அப்போது, நீரில் அலசிய அச்சில் ஊற்ற வேண்டும். இன்னும் தாமதித்தால் ஓரங்களில் கட்டி தட்டிவிடும்.

கோடைப் பண்டம் என்றாலும், ஃபுகுய் மாகாணத்தில் இதைக் குளிர்காலத்தில், சூடேற்றிய மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, தட்டைப் பெட்டியிலிருந்து மரக்கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

அச்சில் ஊற்றியது அறைச் சூட்டிலேயே இறுகியபின் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நாளாக ஆகப் பாசி நீரைக் கசியவிடும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்தால் வலை சிதைந்து, உருகும்போது நீர் தனியாகவும் சக்கை தனியாகவும் பிரிந்துவிடும்.