‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு சொன்ன பிறகு...

“இனி ஒண்ணும் செய்ய முடியாது” – புற்றுநோய் முற்றியவரின் குடும்பம் கேட்கப் பயப்படும் வார்த்தை. ஆனால் செய்ய நிறைய இருக்கிறது. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண் இவற்றைத் தணிப்பதுதான் நோய் ஆதரவு சிகிச்சை.

இது கடைசி நாட்களுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலேயே இதையும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.6 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கணக்கு 8.9 மாதம். மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

கடும் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதினால் பலர் தயங்குகிறார்கள், ‘அடிமையாகிடுவாரோ’ன்னு. சொன்ன அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். வலி வரட்டும்னு காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்!

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தச் சேவை வீடு தேடி வருகிறது. பகுதி சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள், 104-க்கும் அழைக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.